சல்லடையில் விழுந்த வல்லாரை

வல்லாரை தின்றால் ஞாபகசக்தி வளரும் என்கிறார்கள். வளரட்டும். எனக்கு வல்லாரை என்றதும் ஞாபகத்துக்கு வருவது என் உள்ளங்கால்தான்.

போன மாதம் என் மகள் மருந்துக்கடையிலிருந்து ஒரு சின்னக் குழாய்க் களிம்பு வாங்கி வந்தாள். அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டாளாம். புண்ணை ஆற்றிப் புதுத்தோல் வளர்க்கும் மருந்து என்று கடைக்காரன் கொடுத்தானாம். குழாயின் மேல் ஓர் இலைப்படம் போட்டிருந்தது. குட்டை இலை, காம்பில் நிற்கும் சின்னக் குடை மாதிரி, ஓரமெல்லாம் அரம் போட்டது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னப்பா சிரிக்கிறீங்க?" என்றாள்.

"ஒனக்காகத் தீ மிதிச்சுட்டு இந்த எலையத்தான் திருட்டுத்தனமா அரைச்சேன். நீ என்னடான்னா இத காசு குடுத்து வாங்கிட்டு வர்ற."

நான் தீ மிதித்தது அவளுக்குத் தெரியும். மீதி தெரியாது. அன்று சாயங்காலம் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் மலாயாவில், ஜொகூரில் கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். எந்த வருஷம் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ரப்பர் விலை விழுந்து, ஆட்களை மூட்டை முடிச்சோடு கப்பலேற்றி அனுப்பினார்களே, அதற்குச் சற்று முன்பு. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மகளுக்கு ஒன்றரை வயது. லயத்தில் எங்களுக்கு ஓர் அறை, முன்னால் ஓர் அடுப்பு, பின்னால் ஒரு கால்வாய். அந்தக் கால்வாய்க்கரை முழுக்க வல்லாரை படர்ந்து கிடக்கும். யாரும் நட்டதில்லை. துவையலுக்கு வேண்டுமென்றால் பறிப்போம், மற்ற நாளில் மிதித்துக்கொண்டு போவோம்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு மகளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து கொடுத்தார்கள். குடித்ததைக் கக்கினாள். ஐந்தாம் நாள் கண் மேலே செருகிவிட்டது. என் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அழாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் எழுந்து மாரியம்மன் கோவிலுக்கு ஓடினேன். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, "ஆத்தா, புள்ளையக் குடுத்துரு, இந்த வருஷம் ஒன் பூக்குழியில எறங்குறேன்" என்றேன்.

நான் பிறவியிலேயே சூட்டுக்குப் பயந்தவன். ரசம்கூட ஆறிய பிறகுதான் குடிப்பேன். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் பிள்ளை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். அப்புறம் பின்வாங்க முடியுமா?

எங்கள் பூசாரியும் பால் வெட்டுகிறவர்தான். எனக்குப் பக்கத்து மர நிரை. மற்ற நாளில் கள்ளுக்கடைத் திண்ணையில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். காப்புக் கட்டிவிட்டாலோ பத்து நாளைக்கு அவரைப் பிடிக்க முடியாது. மீசையில் ஒரு மயிர்கூட வளையாது. அந்த வருஷம் தீ மிதிக்க அவரோடு சேர்த்துப் பதினோரு பேர். எல்லாருக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு வரிசையாக நிறுத்திச் சொன்னார்.

"கவிச்சி கூடாது, கள்ளு கூடாது, அடுத்தவன் வீட்டுல கை நனைக்கக் கூடாது. சுத்தபத்தமா இருந்தவனுக்கு நெருப்பு பூ மாதிரி. கால் சுட்டுச்சுன்னா எங்கயோ தப்புப் பண்ணியிருக்கான்னு அர்த்தம். அவன் நேர்த்திய ஆத்தா ஏத்துக்கலன்னு அர்த்தம்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் நேர்த்தியை ஆத்தா ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்பாளே. அதனால் நான் ஒரு தப்பும் செய்யக் கூடாது என்று இருந்தேன். வெறும் கஞ்சியும் ஊறுகாயும்தான். பாதையில் எதிரே கருவாட்டுக் கூடை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். ஆறு நாள் அப்படியே போயிற்று.

ஏழாம் நாள் திருவிழாவுக்கு வாழையிலையும் தேங்காயும் சொல்லிவிட்டு வர என்னைப் பக்கத்து மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்துக்கு வழக்கமாகக் கொடுக்கிறவள் அங்கே ஒரு மலாய்க்கார அம்மா. மக்சீக் என்று கூப்பிடுவோம். கட்டைக்கால் மேல் நின்ற வீடு, சுற்றிலும் தென்னை. நான் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சும்மா பிடிக்கவில்லை, ஜொகூர் மழை. படியில் ஒதுங்கி நின்றேன். உள்ளே அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனைக்கு என் வயிறு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டது.

நாங்கள் பேசிக்கொண்டது உடைந்த மலாய். தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்.

"மழை விடாது. சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

"சாமிக்கு விரதம், மக்சீக். இக்கான் இருக்கா? இறைச்சி இருக்கா?"

"மீனும் இல்ல, இறைச்சியும் இல்ல. சோறு, பெகாகா, சம்பல். அவ்வளவுதான்."

பெகாகா என்பது நம் வல்லாரை. அவர்கள் அதை உலாம் என்று சொல்லிப் பச்சையாகவே சோற்றோடு தின்பார்கள். இலைதானே, இலைக்கு என்ன தோஷம் என்று என் மனசு உடனே நியாயம் பேசியது. அடுத்தவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்ற விதி அந்த நேரத்தில் மழையோடு போய்விட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

வல்லாரையைக் கொத்தாக எடுத்து அந்தச் சிவப்புச் சம்பலில் தோய்த்து வாயில் வைத்தேன். ஆறு நாள் கஞ்சி குடித்த நாக்கு. மிளகாயும் உப்பும் எலுமிச்சையும் சேர்ந்தால் இப்படி ஒரு ருசி வருமா என்று வியந்துகொண்டே மூன்று தடவை சம்பல் போட்டுக்கொண்டேன். மக்சீக்குக்குச் சந்தோஷம். தன் முழங்கையை நீட்டிக் காட்டினாள். போன வருஷம் கொதிக்கிற எண்ணெய் கொட்டிய இடமாம். பெகாகாச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டாளாம். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. நான் தலையாட்டிவிட்டு நாலாம் தடவை சம்பல் போட்டுக்கொண்டேன்.

திருவிழா நாளில் பொழுது சாய்கிற நேரத்தில் குழியைத் தட்டிச் சமப்படுத்தினார்கள். பூசாரி கரகத்தோடு முதலில் இறங்கினார். நான் ஏழாவது ஆள். நடக்க வேண்டும், ஓடக் கூடாது என்பது விதி. மேளச் சத்தத்தில் காது அடைத்துப்போயிருந்தது. நாலு அடி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் அடியில் ஒரு கங்கு வலது உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டது. உயிர் போய்விட்டுத் திரும்பி வந்தது. மிச்ச அடிகளை எப்படி வைத்தேனோ தெரியாது, ஆனால் முகத்தில் சிரிப்பு மட்டும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது லேசான வேலை இல்லை.

குழிக்கு அந்தப் பக்கம் பால் ஊற்றிய சின்னக் குழி இருக்கும். அதில் காலை நனைத்துவிட்டு ஏற வேண்டும். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் அந்தப் பாலில் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். என்ன பக்தி என்று நினைத்தேன். நானும் பின்னால் வந்தவன் முதுகில் இடிக்கும்வரை நின்றேன்.

என் மனைவி பொங்கல் பானைப் பக்கம் நின்றிருந்தாள். மஞ்சள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"சுட்டுச்சாங்க?"

"எங்க சுட்டுச்சு. பூ மாதிரி இருந்துச்சு."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பொய் சொன்னதற்கு ஒரு துளிகூட வருத்தம் இல்லை எனக்கு. அந்த முகத்துக்கு இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பேன்.

மறுநாள் திருவிழா விடுமுறை. விடிந்தும் விடியாமலும் எழுந்து பார்த்தால், வலது காலில் காடைமுட்டை அளவுக்கு ஒரு கொப்புளம், அதைச் சுற்றி நாலு குஞ்சுகள். மக்சீக்கின் முழங்கை ஞாபகம் வந்தது. அவள் சொன்ன சாற்றைப் பிழிந்து போட்டு, யாருக்கும் தெரியாமல் ஆற்றிவிட வேண்டும் என்று குதிகாலால் நடந்து கால்வாய்க்கரைக்குப் போனேன். போய்ப் பார்த்தால் கரை மொட்டை. நேற்று வரைக்கும் கால் வைக்க இடமில்லாமல் படர்ந்திருந்த வல்லாரை, இன்றைக்கு மருந்துக்கு ஒரு இலை இல்லை. தண்டுகூட இல்லாமல் வழித்திருந்தார்கள். லயத்து ஆடுகள்தான் மேய்ந்துவிட்டன என்று ஆடு வைத்திருந்தவனைக் குலம் கோத்திரத்தோடு திட்டிவிட்டுக் கம்பத்துக்கு நடந்தேன்.

மக்சீக் வாசலில் பாய் விரித்து எதையோ காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஒனக்கும் பெகாகாவா? இன்னைக்கு ஒங்க ஆளுங்களுக்கு என்ன ஆச்சு? கட்டி வெச்ச கட்டெல்லாம் விடியறதுக்குள்ள போச்சு. கிணத்தடியில கொஞ்சம் இருக்கு, பறிச்சுத் தர்றேன்" என்றாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஏனென்றால் அதற்குள் பாயிலிருந்து ஒரு வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த வாசனை. நாலு தடவை போட்டுக்கொண்ட வாசனை.

"மக்சீக், இது என்ன?"

"பிளாச்சான். ஊடாங்க உப்புப் போட்டு இடிச்சுக் காய வெக்கிறது."

ஊடாங் என்றால் இறால்.

"அன்னைக்கு நான் தின்ன சம்பல்ல...?"

"பிளாச்சான் இல்லாம சம்பலா?" என்று அவள் சிரித்தாள்.

"மீன் இல்லன்னு சொன்னீங்களே."

"இல்லதான் லா. மீன் எங்க போட்டேன்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் குழம்புக்கு உப்புப் போட்டதைத் தனியாகச் சொல்வோமா? அவளுக்குப் பிளாச்சான் அப்படி. நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டவன், அதுவும் கை நனைக்கக் கூடாத இடத்தில் முழங்கை வரை நனைத்தவன். என் முகம் போன போக்கைப் பார்த்து, "அலமாக்" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வல்லாரையை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வருகிற வழியெல்லாம் கால் எரிந்தது. மனசு அதைவிட எரிந்தது. ஆத்தாளை ஏமாற்ற முடியுமா? இறாலைத் தின்றுவிட்டு இறங்கினேன், எல்லாரையும் விட்டுவிட்டு என் காலை மட்டும் சுட்டிருக்கிறாள். நேர்த்தி செல்லவில்லை. அப்படியென்றால் பிள்ளை? வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கினேன். உடம்பு சுட்டது.

"கொஞ்சம் கதகதன்னு இருக்கு. பயப்படாதீங்க, ஒண்ணும் இருக்காது" என்றாள் என் மனைவி. நிதானமாகப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் துணி சுற்றியிருந்தாள். ஏதோ அவளுடைய வேண்டுதல் என்று நினைத்தேன். போன தடவை அழாமல் உட்கார்ந்திருந்தவள் இப்போது இத்தனை நிம்மதியாக இருக்கிறாளே, உண்மை தெரிந்தால் என்ன ஆவாள் என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சொல்லவும் முடியவில்லை. என் வாழ்க்கையில் அந்த மூன்று நாள் மாதிரி நான் பயந்து கிடந்தது வேறெப்போதும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து வேலை. நாங்கள் எல்லாரும் வெறுங்காலோடு பால் வெட்டுகிற ஆட்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் வைத்துக்கொண்டேன். கங்காணி கேட்டால் முள் குத்தியது என்று சொல்ல நினைத்திருந்தேன். எனக்கு முன்னாலேயே ஒருவன் முள்ளைச் சொல்லிவிட்டான். இன்னொருவனுக்கு அட்டை கடித்திருந்தது. ஒருவன் படியில் தடுக்கினானாம். ஒருவனுக்குக் காலில் வாயுவாம். பாவம், ஒரே நாளில் இத்தனை பேருக்கு இத்தனை கஷ்டமா என்று நான் மனசாரப் பரிதாபப்பட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

வீட்டு அம்மியில் வல்லாரையை அரைத்தால் சத்தம் கேட்டு நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் என் மருத்துவமெல்லாம் ரப்பர்க் காட்டுக்குள்தான். மரத்தில் பால் பிடிக்கிற மங்கு ஒன்றைக் கழற்றி, இலையைக் கிள்ளிப் போட்டு, உளியின் மரப்பிடியால் இடிப்பேன். துண்டின் முனையில் வைத்துப் பிழிந்தால் கரும்பச்சையாக ஒரு சாறு இறங்கும். அடுப்படியிலிருந்து சீசாவில் திருடி வந்த தேங்காய் எண்ணெயை நாலு சொட்டு விட்டுக் குழைத்துக் காலில் பூசுவேன். முதலில் சுரீர் என்னும். அப்புறம் குளிர்ச்சி மெல்லப் பரவும். சக்கையை மேலே வைத்துக் கட்டிக்கொண்டு, மங்கைத் துண்டால் ஒரு துடை துடைத்து மரத்தில் மாட்டிவிட்டு வெட்டத் தொடங்குவேன். பால் எடுக்கிற நேரம் வந்ததும் கட்டைப் பிரித்துத் தூரப் போட்டுவிடுவேன்.

மூன்றாம் நாள் கொப்புளம் வற்றி அமுங்கிவிட்டது. ஓரத்தில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. சந்தோஷப்பட வேண்டியவன் நடுங்கிக்கொண்டிருந்தேன். என் கால் ஆறுகிறது, பிள்ளைக்குச் சூடு ஆறவில்லை. சாயங்காலமானால் சிணுங்கல், எச்சில் ஒழுகல், சோறு வேண்டாம். பாவத்தைச் சுமக்கிறவன் நான், அனுபவிக்கிறவள் அவளா? இனிமேல் மறைப்பதில்லை, பூசாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பரிகாரம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வேண்டுமென்றால் அடுத்த வருஷம் இரண்டு தடவை இறங்குகிறேன் என்று சொல்ல நினைத்தேன். ரசத்தை ஆற்றிக் குடிக்கிறவன் நினைத்த நினைப்பைப் பாருங்கள்.

அன்று பால் நிறுக்கிற கொட்டகைக்குத் தோளில் வைக்கிற காண்டாக்கட்டையில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசை நின்றது. கணக்கு எழுதும் கிராணி ஐயா சல்லடை வழியாகப் பாலை ஊற்றச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரப்பட்டை, எறும்பு, காய்ந்த சருகு எல்லாம் சல்லடையில் நிற்கும். அவர் சுத்தக்காரர். ஒரு எறும்பு கூடுதலாக இருந்தாலும் அதற்குத் தனியாகப் பேச்சுக் கிடைக்கும்.

என் வாளியைச் சாய்த்தேன். வெள்ளைப் பால் இறங்கிப் போனது. சல்லடையில் நாலைந்து பச்சைத் துணுக்குகள் நின்றன. அவர் விரலால் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது, வல்லாரை?"

அவர் என்னை விட்டுவிட்டுத் திரும்பி, பக்கத்தில் கிடந்த பலகையைக் காட்டினார். அதில் ஏற்கெனவே ஐந்து சின்னக் குவியல், எல்லாம் பச்சை.

"ரெண்டு நாளாப் பாக்குறேன். நான் பால் கேட்டா நீங்க தொவையல் கொண்டாந்து ஊத்துறீங்க. ஒருத்தனா ரெண்டு பேரா? இன்னிக்கு ஒருத்தனும் போகக் கூடாது. ஊத்து அடுத்தவன்."

அடுத்தவன் அட்டை கடித்தவன். ஊற்றினான். பச்சை. அதற்கடுத்தவன் வாயு பிடித்தவன். பச்சை. தீ மிதிக்காதவன் ஒருவன் நடுவில் ஊற்றினான், வெறும் எறும்புதான். கிராணி ஐயா அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு எங்களை எல்லாம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் கண் எங்கள் காலில் வந்து நின்றது.

"எல்லாரும் காலத் தூக்கு."

தூக்கினோம். ஒற்றைக் காலில் நிற்கிற கொக்குக் கூட்டம் மாதிரி வரிசையாக நின்றோம். முள் இல்லை, அட்டை இல்லை, வாயு இல்லை. எல்லார் உள்ளங்காலிலும் பச்சைக் கறை, அதற்கு நடுவே ரோஸ் நிறப் புதுத்தோல்.

"சுட்டுச்சுன்னு சொன்னா நாக்குமாய்யா வெந்துரும்?" என்றார் கிராணி ஐயா.

கடைசியில் நின்றவர் பூசாரி. கொட்டகையே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் தன் வாளியைத் தூக்கிச் சல்லடையில் சாய்த்தார். எங்கள் எல்லாரையும்விட அதிகமான பச்சை. ஆனால் துணுக்குத் துணுக்காக இல்லை, மைய அரைத்த விழுது. அவர் எந்தக் காரியத்தையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

பூசாரி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"ஆத்தா பதினோரு பேரையும் தொட்டிருக்கா. ஒருத்தனையும் ஒதுக்கல."

முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் கொட்டகை முழுக்கச் சிரித்தது. கிராணி ஐயாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கால்வாய்க்கரையை மொட்டையடித்தது யார் என்று ஆளாளுக்குக் கைகாட்டிக்கொண்டார்கள். நான் மனசுக்குள் ஆட்டுக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சத்தம் அடங்கியதும் பூசாரியை ஓரமாக இழுத்துப் போனேன்.

"அண்ணே, எனக்குச் சுட்டது சரிதான். காப்புக் கட்டியிருக்கும்போது கம்பத்துல தெரியாம பிளாச்சான் தின்னுட்டேன். இப்பப் புள்ளைக்கு ஒடம்பு சுடுதுண்ணே."

அவர் தன் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார்.

"நான் பச்சத்தண்ணியத் தவிர ஒண்ணும் தொடல. எனக்கும்தான் சுட்டுச்சு. போடா, போய்ப் புள்ளையப் பாரு."

வாளியைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு ஓடினேன். கால் வலித்ததா என்று கேட்டால் ஞாபகம் இல்லை. என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். மழை, சோறு, சம்பல், இறால், கங்கு, கொப்புளம், பூ மாதிரி என்று சொன்ன பொய், பதினோரு வாளி.

"பிளாச்சான் தின்னது எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்கு நனைஞ்சு வந்தீங்களே, துண்ட அலச எடுத்தேன். சீனன் கடை வாசல்ல அடிக்கிற அதே வாடை. இவரு தெரிஞ்சு தின்னுருக்க மாட்டாருன்னு நெனச்சேன். சொன்னா நீங்க எறங்குறதுக்கே பயப்படுவீங்க. அதான் சொல்லல."

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு மணிக்கட்டிலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தாள். உள்ளே புறங்கைவரை வெந்திருந்தது. அதன் மேல் பச்சையாக வல்லாரை விழுது.

"நீங்க குழியில எறங்கும்போது கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டிருந்தேன். அவரு தெரியாமத் தின்னுட்டாரு ஆத்தா, அவருக்கு வெக்கிற சூட்ட எனக்கு வெச்சிருன்னு. கண்ணத் தொறக்கல, பானை பொங்கிக் கையில வழிஞ்சிருச்சு. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? கேட்ட ஒடனே குடுத்துட்டாளேன்னு. நீங்க வேற மேல ஏறி வந்து பூ மாதிரி இருந்துச்சுன்னீங்க. அப்புறம் எனக்கு என்ன பயம்?"

மூன்று நாளாக அவள் நிம்மதியாக இருந்தது அதனால்தான். மூன்று நாளாக அந்தத் துணி என் கண் முன்னால் இருந்தும் நான் கேட்கவில்லை. என் காலைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. வெட்கத்தில் தலை குனிந்துவிட்டேன். அதே நேரத்தில், இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்திருக்கிறாளே என்று அழுகையும் வந்தது. அழுதேன், மறைக்கவில்லை.

"எங்க, காலக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப எனக்கும் வெச்சு ஒங்களுக்கும் வெச்சிருக்கா" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "கால்வாய்க்கரையில மொதல்ல பறிச்சது யாருன்னு நெனச்சீங்க? அன்னைக்கே, வெளிச்சம் போறதுக்கு முன்னாடி. ஒரு முந்தானை நெறைய."

"புள்ளைக்குச் சுடுதே?"

"ரெண்டு நாளா என்னா சொல்றேன்? கேட்டாத்தானே." மகளின் வாயை விரலால் விலக்கிக் காட்டினாள். சிவந்த ஈறில், அரிசி முனை மாதிரி ஒரு கடைவாய்ப்பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் என் விரலைக் கடித்தாள். நல்ல கடி.

அன்றைக்கு வல்லாரையை வாசலிலேயே உட்கார்ந்து அம்மியில் அரைத்தோம். லயத்தில் அன்று பதினோரு அம்மிகள் சத்தம் போட்டன. என் காலுக்கு அவள் பூசினாள், அவள் கைக்கு நான் பூசினேன். அடுத்த வருஷம் காப்புக் கட்டும்போது பூசாரி பழைய விதிகளோடு புதிதாக இரண்டு சேர்த்தார். கம்பத்தில் சம்பல் கூடாது, திருவிழா முடியும்வரை கால்வாய்க்கரை வல்லாரையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் கால் சுத்தமாக ஆறிவிட்டது. இன்றைக்குப் பார்த்தால் இந்தக் கால் தீ மிதித்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவள் கையும் அப்படித்தான் ஆறிக்கொண்டு வந்தது. கடைசியில் மணிக்கட்டில் ஒரு புளியங்கொட்டை அளவு மிச்சம் இருந்தபோது பூசுவதை நிறுத்திவிட்டாள். ஏன் புள்ள நிறுத்திட்ட என்று கேட்டேன். "முழுசா அழிச்சிட்டா, கேட்டதையே மறந்துட்ட மாதிரி இருக்கும்" என்றாள்.

போன மாதம் நான் இதைச் சொல்லி முடித்தபோது என் மகள் எழுந்து உள்ளே போனாள். அம்மா கையிலிருக்கும் அந்தத் தழும்பை எப்போதோ சோறு வடிக்கும்போது சுட்டது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாளாம். கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, களிம்புக் குழாயைத் திறந்து விரலில் கொஞ்சம் எடுத்து அதன் மேல் தடவப் போனாள்.

என் மனைவி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.